காலி இடத்தின் கணக்கைக் காலி இடத்திலேயே எழுதுவது: கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் விதம்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இடையில் 230 நாட்கள். கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றில் ஏதோ ஒரு மதகில், நீர்மட்டத்தை அளந்து அனுப்ப ஒரு சின்ன லினக்ஸ் கருவியைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். 64 பிட் செயலி, நான்கு கோர், 512 மெகாபைட் ராம், ஒரு சென்சார், ஒரு கேமரா, ஒரு 4ஜி மோடம். அந்த 230 நாளும் அதை யாரும் ரீஸ்டார்ட் செய்ய வரமாட்டார்கள்.

முதல் நாள் ஓடுவது பெரிய காரியமில்லை. நூறாவது நாள், கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவர் தொடர்ச்சியாக ஒரு மெகாபைட் இடம் கேட்டால் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ராமில் 80 மெகாபைட்டுக்கு மேல் காலியாக இருந்தும் அந்த ஒரு மெகாபைட் கிடைக்காமல் போவது சாதாரணமாக நடக்கும். காரணத்தைத் தேடினால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன்னிடம் உள்ள காலி இடத்துக்கு எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதில் போய் நிற்போம்.

சாதாரண நிரலுக்கு இடம் வேண்டுமென்றால் கெர்னலைக் கேட்கும். கெர்னலுக்குக் கீழே கேட்க ஆள் இல்லை. எந்த இடம் காலி, எது யாரிடம் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியலுக்கே இடம் வேண்டும். அந்த இடத்தைத் தரவேண்டியதும் அதே பட்டியல்தான். இந்தச் சிக்கலை லினக்ஸ் மூன்று அடுக்காக அவிழ்க்கிறது.

முதல் அடுக்கின் பெயர் மெம்பிளாக். கருவிக்கு மின்சாரம் வந்து கெர்னல் எழும் சில நொடிகளுக்கு மட்டுமே இதற்கு வேலை. கெர்னல் கோப்புக்குள்ளேயே, கம்பைல் செய்யும்போதே இடம் பிடித்துவைத்த இரண்டு அட்டவணைகள் இதில் உண்டு. ராம் எந்த முகவரியிலிருந்து எதுவரை இருக்கிறது என்பது ஒன்றில். அதில் எவையெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பது மற்றொன்றில். தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் 128 வரிகள். இடம் கேட்டால், இரண்டாவது அட்டவணையில் இல்லாத ஓர் இடைவெளியைத் தேடி அங்கே ஒரு வரி சேர்க்கும், அவ்வளவுதான். மெதுவானது, ஆனால் யாரையும் நம்பியிருக்கவில்லை.

மெம்பிளாக்கிடம் கெர்னல் வாங்கும் பெரிய துண்டு, பக்க விவரங்களின் வரிசை. ராம் முழுவதும் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. 512 மெகாபைட்டுக்கு 1,31,072 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு விவரக்குறிப்பு. மொத்தம் 8 மெகாபைட், அதாவது ராமில் 64-ல் ஒரு பங்கு கணக்குக்கே போய்விடுகிறது. இந்தக் குறிப்பில் எட்டு பைட் கூடினால் இந்தச் சின்னக் கருவியிலேயே ஒரு மெகாபைட் போச்சு. நூற்றுக்கணக்கான கிகாபைட் உள்ள சர்வரில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெர்னல் எழுதுபவர்கள் இந்த 64 பைட்டில் ஒரு பிட்டுக்காகக்கூட மல்லுக்கு நிற்பது கஞ்சத்தனம் இல்லை.

இடத்தை மிச்சப்படுத்த அவர்கள் செய்தது, ஒரே 64 பைட்டைப் பல அர்த்தத்தில் வாசிப்பது. பக்கம் காலியாக இருந்தால் அதில் காலிப் பட்டியலின் பாயிண்டர்கள், அதாவது அடுத்தது எங்கே என்று காட்டும் முகவரிகள், இருக்கும். கோப்பின் தரவைத் தாங்கினால் எந்தக் கோப்பு, அதில் எத்தனையாவது பக்கம் என்று இருக்கும். ஆக, காலிப் பக்கங்களைச் சங்கிலியாகக் கோக்கத் தனியாக ஒரு பைட்கூடச் செலவில்லை.

இந்த வரிசை தயாரானதும் மெம்பிளாக் மிச்சப் பக்கங்களையெல்லாம் இரண்டாவது அடுக்கிடம் ஒப்படைக்கும். அது பட்டி முறை (ஆங்கிலத்தில் buddy, ஜோடி). கென்னத் நோல்டன் 1965-ல் எழுதி வெளியிட்டது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. இதில் பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போகும் அளவுகளில்தான் கொடுப்பார்கள்: 1, 2, 4, 8 என்று 1,024 பக்கம் வரை. 0 முதல் 10 வரை 11 வரிசைகள் (ஆர்டர்). 4 கிலோபைட்டில் தொடங்கி 4 மெகாபைட்டில் முடியும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு காலிப் பட்டியல்.

டெல்டாவில் ஒரு பெரிய வயலைப் பாகம் பிரிப்பதை நினைத்தால் விளங்கும். நடுவில் ஒரு வரப்பு போட்டால் இரண்டு சம பாதி. தேவைப்பட்டால் அதில் ஒரு பாதியின் நடுவில் இன்னொரு வரப்பு. திரும்பச் சேர்க்கும்போது ஒரு நிபந்தனை: எந்த வரப்பு போட்டுப் பிரித்தோமோ அந்த வரப்பைத்தான் வெட்டலாம். பக்கத்தில் கிடக்கிறது, அதுவும் காலிதான் என்பதற்காக வேறொரு பாகத்துத் துண்டோடு சேர்க்க முடியாது.

இந்தக் கறார் எதற்கு என்றால், ஜோடியை, அதாவது மற்ற பாதியை, தேட வேண்டியதே இல்லை. ஒரே பிட் கணக்கில் கிடைத்துவிடும். 20-ஆம் பக்கத்தில் தொடங்கும் நான்கு பக்கத் துண்டு காலியாகிறது. 20-ஐயும் 4-ஐயும் எக்ஸார் செய்தால் (இரண்டின் பிட்டுகளும் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 வைத்தால்) 16. ஆக ஜோடி, 16 முதல் 19 வரை. அதன் விவரக்குறிப்பைத் திறந்து, காலியா, அதே அளவுத் துண்டா என்று பார்த்தால் போதும். ஆம் என்றால் இரண்டும் சேர்ந்து 16-ல் தொடங்கும் எட்டு பக்கத் துண்டு. அதன் ஜோடி, 16 எக்ஸார் 8, அதாவது 24. இப்படியே மேலே போகும்; அதிகபட்சம் பத்துப் படி. 20 முதல் 23 வரை உள்ள துண்டுக்கு 24 முதல் 27 வரை பக்கத்து வீடுதான், ஆனால் அந்த மட்டத்தில் ஜோடி இல்லை.

விலை இல்லாமல் இல்லை. மூன்று பக்கம் கேட்டால் நான்கு, ஐந்து கேட்டால் எட்டு. அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் துண்டு துண்டாகச் சிதறுவது. நம் கருவியில் மொத்தம் 128 நான்கு மெகாபைட் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நகர்த்த முடியாத ஒரே ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் போதும். வெறும் 128 பக்கம், அரை மெகாபைட், மிச்ச 511.5 மெகாபைட்டும் காலி. ஆனாலும் நான்கு மெகாபைட் தொடர்ச்சியாக ஒரு இடம்கூடக் கிடைக்காது.

நகர்த்த முடியாதது என்பது இங்கே முக்கியம். நிரல்களிடம் உள்ள பக்கங்களை கெர்னல் வேறிடத்துக்கு நகல் எடுத்து, நிரலின் எந்த முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பக்க அட்டவணையை மாற்றிவிடலாம். நிரலுக்குத் தெரியவே தெரியாது. கெர்னலின் சொந்தத் தரவு அப்படி இல்லை. அதை நோக்கி எத்தனையோ பாயிண்டர்கள் நேரடி முகவரியோடு நிற்கும். அத்தனையையும் தேடித் திருத்த வழியில்லை. அதனால் 2008-ல் வந்த 2.6.24 பதிப்பிலிருந்து காலிப் பட்டியல்களை இனம் பிரித்துவிட்டார்கள்: நகர்த்தக்கூடியவை, நகராதவை, தேவையென்றால் காலி செய்யக்கூடியவை. ராம் பெரும்பாலும் 2 மெகாபைட் பாத்திகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன இனம் என்று சில பிட்டுகளில் குறியிருக்கும்.

நகராத இனத்துக்கு இடம் தீர்ந்தால் அடுத்த இனத்திடமிருந்து எடுப்பார்கள். அப்போது இருப்பதிலேயே பெரிய துண்டை எடுப்பது வழக்கம். சின்னத் துண்டாக எடுத்தால் பல பாத்திகளில் ஒவ்வொரு பக்கமாகப் போய் உட்காரும். பெரிதாக ஒன்றை எடுத்தால் கெடுதல் ஒரே பாத்தியோடு நிற்கும். கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும் சரியான முடிவுதான்.

நான்கு கோரும் ஒரே பட்டியலுக்கு வரிசையில் நிற்கக் கூடாதென்று ஒவ்வொரு கோருக்கும் சின்னதாக ஒரு சொந்தப் பட்டியலும் உண்டு. தீரும்போது மொத்தமாக எடுத்து வரும், நிரம்பினால் மொத்தமாகத் திருப்பித் தரும்.

நிலவரத்தைப் பார்க்க, கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில் பட்டிஇன்ஃபோ என்ற கோப்பு இருக்கிறது. வரிக்கு 11 எண்கள். இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 9000, 4200, 1100, 90, 6, அதற்குப் பிறகு ஆறு பூஜ்யம். பக்கமாகக் கணக்கிட்டால் 9000 + 8400 + 4400 + 720 + 96 = 22,616; ஏறக்குறைய 88 மெகாபைட் காலி. ஆனால் இருப்பதிலேயே பெரிய துண்டு 16 பக்கம், 64 கிலோபைட். கேமரா கேட்கும் ஒரு மெகாபைட் எட்டாம் வரிசை. கெர்னல் முதலில் நகர்த்தக்கூடிய பக்கங்களை ஒருபுறமாக ஒதுக்கிப் பார்க்கும்; அதிலும் இடம் கூடாவிட்டால், பதிவேட்டில் பக்க ஒதுக்கீடு தோற்றது, ஆர்டர் 8 என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கைவிரிக்கும். மொத்தக் காலி அளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வரி புரியவே புரியாது.

கேமரா விஷயத்தில் இதற்குத் தீர்வு, தொடக்கத்திலேயே சிஎம்ஏ என்ற பகுதியை ஒதுக்கிவைப்பது. கேமரா சும்மா இருக்கும்போது அங்கே நகர்த்தக்கூடிய பக்கங்கள் மட்டும் தங்கலாம். கேமரா கேட்டதும் அவை கிளம்பவேண்டும். சிதறிய பக்கங்களை முகவரி அளவில் ஒட்டித் தரும் விமல்லாக் மென்பொருளுக்கு உதவும். ராமை நேரடியாகத் தொடும் வன்பொருளுக்கு, நடுவே முகவரி மாற்றும் சாதனம் இல்லாவிட்டால், உதவாது.

மூன்றாவது அடுக்கு சில்லறைக்கு. கெர்னலுக்கு அன்றாடம் தேவைப்படுவது 64 பைட், 192 பைட் போன்றவை. அதற்கு 4 கிலோபைட் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஜெஃப் பான்விக் 1994-ல் சன் ஓஎஸ்ஸுக்காக வெளியிட்ட ஸ்லாப் முறை இதற்கானது: பட்டி முறையிடம் சில பக்கங்களை வாங்கி, ஒரே அளவுள்ள பொருள்களாக நறுக்கி வைத்துக்கொள்வது. லினக்ஸில் இதற்கு ஒரு காலத்தில் ஸ்லாப், ஸ்லாப் போலவே ஒலிக்கும் ஸ்லோப், ஸ்லப் என்று மூன்று வடிவங்கள் இருந்தன. 2024-ல் வந்த 6.8 பதிப்போடு ஸ்லப் மட்டுமே மிஞ்சியது. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஸ்லப்பின் கெட்டிக்காரத்தனம், காலிப் பொருளுக்குள்ளேயே அடுத்த காலிப் பொருளின் முகவரியை எட்டு பைட்டில் எழுதிவிடுவது. பொருளை யாரும் பயன்படுத்தாதபோது அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது. பட்டியலின் தலையும் எண்ணிக்கையும், முன்னே சொன்ன 64 பைட் பக்க விவரத்திலேயே ஏறிவிடும்.

அளவைச் சரியாகத் தேர்ந்தால் லாபம் கண்ணுக்குத் தெரியும். 700 பைட் உள்ள ஒரு பொருளைப் பொது வழியில் கேட்டால் 1,024 பைட் தருவார்கள். 16 கிலோபைட்டில் 16 பொருள்தான். அதற்கென்றே 704 பைட்டில் தனி ஸ்லாப் வைத்தால் அதே 16 கிலோபைட்டில் 23 பொருள்; வீணாவது 192 பைட்.

இங்கேயும் அந்தப் பழைய சிக்கல் தலைகாட்டும். ஒவ்வொரு ஸ்லாப் வகைக்கும் ஒரு விவரப் பொருள் உண்டு. அதுவும் ஒரு ஸ்லாப்பிலிருந்துதான் வரவேண்டும். முதல் விவரப் பொருளை எங்கிருந்து எடுப்பது? கெர்னல் கோப்புக்குள் தற்காலிகமாக வைத்திருக்கும் ஒன்றைக் கொண்டு முதல் ஸ்லாப்பை உருவாக்கி, அதிலிருந்து ஓர் இடம் வாங்கி, தன்னையே அங்கே நகல் எடுத்துக் குடிபெயர்ந்துவிடும்.

காலி இடத்திலேயே கணக்கு எழுதுவதன் ஆபத்தும் இதே அடுக்கில்தான் அதிகம். ஒரு டிரைவர் பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய பாயிண்டர் வழியாக அதில் எழுதினால், அடுத்த காலிப் பொருளின் முகவரி அழிகிறது. அப்போது ஒன்றும் ஆகாது. பிறகு எப்போதோ, சம்பந்தமே இல்லாத மோடம் டிரைவர் இடம் கேட்கும்போது கெர்னல் அந்தக் குப்பை முகவரியைத் தொட்டு விழும். பழி மோடம் மேல். 2020-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து இந்த முகவரியைப் பொருளின் தொடக்கத்தில் வைக்காமல் நடுவில் வைக்கிறார்கள். பக்கத்துப் பொருள் எல்லை தாண்டி நாலைந்து பைட் எழுதினால் உடனே கணக்கு சிதையாமலிருக்க.

உண்மையான குற்றவாளியைப் பிடிக்க ஸ்லப்பின் சோதனை முறையை இயக்கவேண்டும். திருப்பித் தரப்பட்ட பொருள் முழுவதையும் ஹெக்ஸில் 6பி என்ற பைட்டால் நிரப்பி, கடைசி பைட்டில் ஏ5 வைக்கும். மறுபடி கொடுக்கும்போது அது கலைந்திருந்தால் யார் வாங்கியது, யார் விட்டது என்று அச்சிடும். செயலிழந்த பதிவில் 6பி6பி6பி6பி என்று ஒரு முகவரி தெரிந்தால், விட்ட பொருளை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எல்லா வகைக்கும் இயக்கினால் ராமும் வேகமும் அடிபடும். சந்தேகப்படும் ஒரு வகைக்கு மட்டும் இயக்க வசதியிருக்கிறது.

திருப்பியே கொடுக்காமல் விடுவது இன்னொரு வகை. நொடிக்கு ஒரு 64 பைட் பொருள் கசிகிறது என்றால், 512 மெகாபைட் முழுவதும் போக 83,88,608 நொடி, 97 நாள். ஜூன் 12-ல் ஓடத் தொடங்கிய கருவி, புரட்டாசி பிறக்கும் செப்டம்பர் 17-க்குள் படுத்துவிடும். ராமின் ஒரு பகுதி ஏற்கெனவே பயனில் இருப்பதால் உண்மையில் ஆவணியிலேயே. மேசை மேல் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் 11 மெகாபைட்தான் குறையும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இதைப் பிடிக்க பட்டிஇன்ஃபோவையும், ஸ்லாப் வகைகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்லாப்இன்ஃபோவையும் தினமும் ஒரே நேரத்தில் பதிவு செய்யவேண்டும். இரண்டாவதில் 64 பைட் வகை மட்டும் நாள்தோறும் 86,400 கூடிக்கொண்டே போனால் கசிவு நிச்சயம். ஆனால் யாருடையது? பொது 64 பைட் வகையை எல்லா டிரைவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தனி வகை வைத்திருந்தாலும், அளவு ஒத்துப்போனால் ஸ்லப் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். எனவே சென்சார் டிரைவருக்குத் தனிப் பெயரில் ஒரு வகையை உருவாக்கி, வகைகளைச் சேர்க்காதே என்ற தொடக்க விருப்பத்தோடு கெர்னலை எழுப்பவேண்டும். அப்போது ஸ்லாப்இன்ஃபோவில் எண் ஏறும் வரியிலேயே டிரைவரின் பெயரும் இருக்கும்.