சென்டர்போர்டு மூக்கைத் தீட்டாதீங்க, ப்ளீஸ்

திரும்பவும் ஒரு சென்டர்போர்டு ரிப்பேருக்கு வந்திருக்கு. பாய்மரப் படகு பக்கவாட்டுல நழுவாம இருக்க, அடியில தண்ணிக்குள்ள இறக்கற துடுப்பு மாதிரிப் பலகைதான் அது. நல்ல போர்டு, ஓனர் பெல்ட் சாண்டர் (தேய்க்கற மெஷின்) வச்சு முன் விளிம்பை, அதாவது மூக்கை, விரல் அறுபடற அளவுக்குத் தீட்டி எடுத்துட்டு வந்து, "இவ்வளவு பண்ணியும் போட் காத்துக்கு எதிர்ல ஏற மாட்டேங்குது"ங்கறார். தீட்டினதாலதாங்க ஏறல!

கூரா இருந்தா தண்ணியக் கிழிச்சுட்டுப் போகும்னு யார் கிளப்பி விட்டாங்களோ. போர்டு தண்ணிக்குள்ள நேராப் போகவே போகாது. காத்துக்கு எதிர்ல ஏறும்போது போட் எப்பவும் கொஞ்சம் பக்கவாட்டுல நழுவிக்கிட்டேதான் போகும், சாதாரணமா ஒரு 3லேருந்து 5 டிகிரி, தண்ணி போர்டு மேல அந்தச் சாய்வுல பட்டாத்தான் லிஃப்டே, அதாவது நழுவலைத் தடுக்கற பக்கவாட்டு விசையே, வரும். மூக்கு உருண்டையா இருந்தா தண்ணி வளைஞ்சு ஒட்டிக்கிட்டே போகும். கூரா இருந்தா, டேக் (காத்துக்கு எதிரா மூக்கைத் திருப்பி அடுத்த பக்கம் போறது) முடிஞ்சு ஸ்பீடு செத்துக் கிடக்கற நேரத்துல சாய்வு கூடினதும் தண்ணி மூக்குலயே பிச்சுக்கிட்டு ஸ்டால் ஆயிடும், லிஃப்ட் போயிடும், போட் சறுக்கும். நாகா (NACA) 0012ன்னு விமான இறக்கைக்காக வகுத்த ஒரு குறுக்குவெட்டு வடிவம் இருக்கு, அதையே எடுத்துக்குங்க: முன் விளிம்புலேருந்து பின் விளிம்பு வரைக்கும் 300 மிமீ அகலத்துக்கு அதிகபட்ச தடிமன் 36 மிமீ, அது முன்னாலேருந்து 30 சதவீதத்துல வரும், மூக்கோட ஆரம் கிட்டத்தட்ட 4.8 மிமீ. உங்க போர்டு இதைவிட மெலிசா, நடுவுல தட்டையா இருக்கலாம், அதுக்காக மூக்கு கூராகாது.

மெலிசா இருக்க வேண்டியது பின் விளிம்பு, அதை உருட்டி வச்சுடறாங்க! 1.5லேருந்து 2 மிமீ விட்டு, சதுரமா வெட்டினாப் போதும், ஓடும்போது போர்டுலேருந்து 'ஊஊ'ன்னு வர்ற சத்தம் பெரும்பாலும் அங்கேயே அடங்கிடும்.

சாண்டரைத் தொடறதுக்கு முன்னாடி கிளாஸ் ரூலை, அதாவது உங்க வகைப் படகுக்கான பந்தய விதியை, படிங்க. ஐஎல்சிஏ (முன்னாடி லேசர்னு சொன்ன படகு) மாதிரி, எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய ஒன்-டிசைன்ல போர்டோட வடிவத்தை மாத்தவே கூடாது. ரூல் விட்டாலும் கையில வெறும் உப்புத்தாளை வச்சுத் தேய்க்காதீங்க, தாளைச் சுத்திப் பிடிக்க நீளமான பிளாக் வேணும், அட்டையில டெம்ப்ளேட் வெட்டி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிட்டே போகணும். கடைசியா 400, அப்புறம் 600 பேப்பர், தண்ணி போட்டு. வாக்ஸ் வேண்டாம், போட் கவுந்தா அந்தப் போர்டு மேலதான ஏறி நிக்கப் போறீங்க, வழுக்கும்.

இன்னொண்ணு, இதை யாருமே பாக்கறதில்ல. போட்டைப் பக்கவாட்டுல சாய்ச்சு, போர்டை முழுசா இறக்கி, நுனியப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொட லொடன்னு ஆடுச்சுன்னா மூக்குல எவ்வளவு மெனக்கெட்டாலும் வீண்தான். போர்டு ஏறி இறங்கற கூடான கேஸ்க்குள்ள, முக்கியமா போர்டு வெளிய வர்ற வாய்கிட்ட, ரெண்டு பக்கமும் சமமா இடைவெளிய அடைக்க மெல்லிசு பிளாஸ்டிக் ஷிம் (பட்டை) ஒட்டுங்க. போர்டு சுழல்ற பிவட் போல்ட் ஓட்டை தேஞ்சிருந்தா எபாக்ஸி நிரப்பித் திரும்பத் துளை போடுங்க. கேஸ் வாயை மூடற ஸ்லாட் கேஸ்கெட் (வளையற பட்டை) பிஞ்சு தொங்கினா மாத்துங்க.

அதுக்காக இறுக்கியும் வைக்காதீங்க. மர போர்டுல பெயின்ட் விரிஞ்ச இடத்துல தண்ணி இறங்கினா ஊதும், ஏற்கெனவே இறுக்கம்னா அப்படியே சிக்கிக்கும். ரொம்ப லூசா இருந்தா அது வேற ஆபத்து, போட் தலைகீழாக் கவுந்ததும் போர்டு கேஸ்க்குள்ள இறங்கிடும், நிமித்தறதுக்குப் பிடிக்க ஒண்ணுமே இருக்காது. கையால இழுத்தா நகரணும், விட்ட இடத்துல நிக்கணும், நிக்கலைன்னா ஒரு ஷாக் கார்டு (இழுபடற எலாஸ்டிக் கயிறு) கட்டுங்க. கரையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதரம் ஏத்தி இறக்கிப் பாத்துடுங்க, கேஸ்ல மணலோ சின்னக் கல்லோ மாட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிடும்.