99.99 சதவீதம் சரி, சாம்பிள் யாருடையது?

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் போன்களில் முதல் கேள்வி பெரும்பாலும் கட்டணம் பற்றியது. அடுத்தது, ரிப்போர்ட் எத்தனை நாளில் கிடைக்கும் என்பது. சாம்பிளை யார், எப்படி எடுப்பார்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். தந்தைவழி டிஎன்ஏ அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையில் இருப்பவன் நான். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

சோதனை முறை இன்று எல்லா லேபிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தோ, சில சொட்டு ரத்தத்திலிருந்தோ டிஎன்ஏ எடுக்கிறோம். டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் சில இடங்கள் உண்டு. எஸ்.டி.ஆர். எனப்படும் அந்த மார்க்கர்களில் பதினைந்து, இருபது இடங்களைப் பார்க்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் குழந்தைக்கு இரண்டு பிரதிகள் இருக்கும்; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வந்திருக்கும். இதற்கான கிட்டுகளைச் செய்வது உலகத்தில் ஒரு சில நிறுவனங்களே என்பதால், ‘அதிநவீனக் கருவி’ என்று ஒரு லேப் பெருமையடித்தால் அதில் பெரிய விசேஷம் இல்லை. விளம்பரத்தில் வரும் 99.99 சதவீதமும் வந்து சேர்ந்த குச்சிகளுக்கு இடையிலான உறவைத்தான் சொல்லும். அந்தக் குச்சி யார் வாயில் பட்டது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அதனால்தான் சேகரிப்பு முக்கியம். அடையாள அட்டையைப் பார்த்து, அங்கேயே போட்டோ எடுத்து, கைரேகையும் கையெழுத்தும் வாங்கி, சாட்சி முன்னிலையில் காகித உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பிறகு அது யார் யார் கைக்குப் போனது என்பதற்கும் பதிவு இருக்க வேண்டும். கூரியரில் சாம்பிள் எடுக்கும் கிட் அனுப்பி, வீட்டிலேயே எடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்வது சொந்தத் திருப்திக்கான சோதனை. விலை குறைவு, கோர்ட்டில் நிற்காது. இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்கிற லேப் நல்ல லேப். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்காகச் சோதனை கேட்டால் இன்னும் கறார்: ஏ.ஏ.பி.பி. என்ற அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேப்தான் செல்லும், கிட் விண்ணப்பதாரர் கைக்கே வராது.

அடுத்தது அங்கீகாரம். டிஎன்ஏ ஆய்வகங்களை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்தில் வந்த மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம்தான் நமக்குக் கைப்பிடி. ஆனால் சுவரில் மாட்டிய சான்றிதழை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வாங்கிய அங்கீகாரம் டிஎன்ஏவுக்குச் செல்லாது. சான்றிதழோடு ‘ஸ்கோப்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தந்தைவழிச் சோதனை இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பார்க்கலாம். போர்டு வைத்திருக்கும் இடம் வெறும் கலெக்‌ஷன் சென்டராகவும் இருக்கலாம். சோதனை எங்கே நடக்கிறது, ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து வரும் என்று கேளுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தாய்மாமனை, அத்தை மகனைக் கட்டும் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஏற்கெனவே ரத்த உறவு. தாயின் சாம்பிள் இல்லாமல் சோதித்தால், தாய் வழியாக வந்த பொருத்தத்தைத் தந்தை வழியாக வந்ததாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. தந்தை அண்ணனா தம்பியா என்பதுதான் சந்தேகம் என்றால் இன்னும் கஷ்டம். கூடுதல் மார்க்கர் பார்க்க வேண்டிவரும். உறவுமுறையைக் கேட்காமலே சாம்பிள் வாங்கும் லேபை எனக்குப் பிடிப்பதில்லை. கேட்டால் நீங்களும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் அதையும் சொல்ல வேண்டும்; அவர் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏவாக இருக்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் பொருந்தவில்லை என்பதற்காக ‘தந்தை இல்லை’ என்று எழுதும் ரிப்போர்ட்டும் தவறு. அது பிறழ்வாக, அதாவது தந்தையிடமிருந்து குழந்தைக்கு வரும்போது டிஎன்ஏவில் இயல்பாக ஏற்பட்ட சிறு மாற்றமாக இருக்கலாம். மேலும் சில மார்க்கர்களைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு மார்க்கரின் எண்ணும், சோதிக்கப்பட்டவர் தந்தையாக இருக்கும் வாய்ப்பு, உறவில்லாத வேறொருவரைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும் மொத்தத் தந்தைமைக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரே வரியில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கருவிலேயே தந்தை யார் என்று பார்த்துத் தருகிறோம் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 1994-ஆம் ஆண்டின் கருப் பரிசோதனைச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் இது இல்லை. வேர் இல்லாத, கத்தரித்த முடி போதும் என்பவர்களையும் நம்ப வேண்டாம், வழக்கமான எஸ்.டி.ஆர். சோதனைக்குத் தேவையான டிஎன்ஏ அதில் கிடைப்பது அரிது. அப்புறம், மனைவிக்குத் தெரியாமல் குழந்தையின் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவருபவர்கள். சம்மதம் இல்லாத சாம்பிளை வாங்கும் லேப் வேறு எதில் நேர்மையாக இருக்கும்?

கோர்ட் விவகாரம் என்றால் லேபுக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள். திருமண உறவு இருக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116. கேட்டவுடன் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993 முதல் சொல்லிவருகிறது. அதனால் தனியார் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஜீவனாம்சத்தை நிறுத்திவிட முடியாது. கோர்ட் உத்தரவிட்டால் சாம்பிளை எங்கே அனுப்புவது என்பதையும் அதுவே சொல்லும். முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிதான் தன் தந்தை என்று ஒருவர் தொடுத்த வழக்கில், 2012-இல் சோதனை நடந்தது ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் டிஎன்ஏ ஆய்வு மையத்தில்.