கொழுப்பு குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

அறுபதைத் தாண்டியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "மூணு மாசமா வாயைக் கட்டிட்டேன் டாக்டர், எல்டிஎல் 160-லேருந்து 82-க்கு வந்துடுச்சு. இன்னும் மாத்திரை எதுக்கு?"

வாயைக் கட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. அதனால் சாப்பாட்டை மாற்றினால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 160 என்பது 140 பக்கம் வரும், அவ்வளவுதான். மீதியை இறக்கியது, ராத்திரி போட்டுக்கொண்ட அட்டோர்வாஸ்டாட்டின் என்ற, ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை. அதை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எண் மறுபடி 140 பக்கம் ஏறிவிடும். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் கண்டவர்கள் 'சாப்பாடா, மாத்திரையா' என்று யோசிக்கவே வேண்டாம். இரண்டும் வேண்டும். இவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருப்பது நல்லது. லேப் தாளில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும் எல்லை இவர்களுக்குப் பொருந்தாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும்.

எந்த இதய நோயும் இல்லாத 78 வயதுக்காரருக்கு எல்டிஎல் 135 என்றால்? இங்கே நான் அவசரப்படுவதில்லை. 75-க்கு மேல், நோய் வருமுன் தடுக்கப் புதிதாக மாத்திரை தொடங்குவதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. பிரஷர், சிறுநீரகம், ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகள், அவருடைய விருப்பம் எல்லாவற்றையும் வைத்துப் பேசித்தான் முடிவெடுக்கிறேன். அதற்கு முன் தைராய்டு பரிசோதனை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கொழுப்பு ஏறும். வயதான பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறு. 74 வயது அம்மா ஒருவருக்கு, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் முட்டை, பால், மீன், நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. எல்டிஎல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அரிசியிலேயே வயிறு நிறைந்ததால், ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு இறங்கவில்லை. தொடைச் சதை கரைந்து, நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுந்தார். இந்த வயதில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவது கொழுப்பைவிடச் சீக்கிரம் ஆளை முடக்கிவிடும். முட்டை, சுண்டல், குழம்பில் போட்ட மத்தி மீன் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கச் சொன்னேன். குறைக்க வேண்டியவை வனஸ்பதி, பாமாயில், தேங்காய் எண்ணெய், நெய், பேக்கரி பப்ஸ். எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி கிடையாது.

அப்புறம் இந்தத் தசைவலி. "மாத்திரை போட்டா கால் வலிக்குது" என்று நிறுத்துபவர்கள் நிறைய. 2020-இல் வெளியான சாம்சன் என்ற லண்டன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும் சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினில் அவர்கள் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் இருந்தது. அதற்காக எல்லா வலியும் பிரமை என்று நான் ஒதுக்குவதில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான எசெட்டிமைப் சேர்க்கலாம். வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சளிக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவரிடம், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால், தசை சிதைந்து சிறுநீர் கறுக்கும் அந்த ஆபத்து கூடும்.