வெளிநாட்டுக் கைப்பந்து ஒப்பந்தம்: சம்பளத் தொகைக்கு அப்பால் படிக்க வேண்டியவை

இத்தாலி, துருக்கி, போலந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் கைப்பந்து லீக்குகளில் ஆடும் ஒருவருடைய தொழில்வாழ்க்கையை அவருடைய ஆட்டத்திறன் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அவர் கையெழுத்திட்ட தாள்களும் தீர்மானிக்கின்றன. விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களைப் பரிசீலித்து ஆலோசனை கூறும் வழக்கறிஞராக நான் அடிக்கடி காண்பது, சம்பளத் தொகை எழுதப்பட்ட பக்கத்தைப் பலமுறை பார்த்துவிட்டு மற்றப் பக்கங்களை ஏஜென்டின் வாய்மொழியை நம்பி விட்டுவிடும் வழக்கத்தைத்தான். இது எனக்கு உண்மையிலேயே கவலையளிக்கிறது.

ஐரோப்பிய லீக்குகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி வசந்தகாலத்தில் முடிகின்றன. கோடையில் தேசிய அணிக்கான போட்டிகள் வந்துவிடும். பல ஒப்பந்தங்கள் ஒரே சீசனுக்கானவை என்பதால், ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் புதிய கிளப், புதிய நகரம், புதிய மொழி என்ற நிலைக்கு ஆட்டக்காரர் தயாராக இருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க மகளிர் அணியின் ஜோர்டன் லார்சன் ரஷ்யா, துருக்கி, சீனா ஆகிய நாடுகளில் ஆடியவர். அவர் கல்லூரி முடித்த காலத்தில் அமெரிக்காவில் நிலையான தொழில்முறை உள்ளரங்க லீக் இல்லை.

வெளிநாட்டுக் கிளப்புக்காகக் களமிறங்க வேண்டுமானால், ஒப்பந்தத்தோடு சர்வதேச இடமாற்றச் சான்றிதழும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இயங்கும் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பின் நடைமுறைப்படி, ஆட்டக்காரர் புறப்படும் நாட்டின் சங்கமும் சேரும் நாட்டின் சங்கமும் அதில் பங்கேற்கின்றன. தென்கொரியாவின் கிம் யோன்-கூங் விவகாரம் இதன் வலிமையைக் காட்டியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான அவர், துருக்கியின் ஃபெனர்பாச்சே கிளப்பில் தொடர விரும்பினார். அவருடைய கொரியக் கிளப்போ, உள்நாட்டு லீக்கில் ஆறு சீசன்களை நிறைவு செய்தவரே சுதந்திர ஆட்டக்காரர், அதாவது விரும்பிய கிளப்பில் சேரும் உரிமையுள்ளவர் ஆவார் என்றும், கடனாக அனுப்பப்பட்டு ஜப்பானிலும் துருக்கியிலும் ஆடிய சீசன்கள் அக்கணக்கில் சேரா என்றும் வாதிட்டது. ஒப்பந்தக் காலமே முடிந்துவிட்ட பிறகு தன்மீது கிளப்புக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. தகராறு சர்வதேசக் கூட்டமைப்பு வரை சென்று ஓராண்டுக்கும் மேலாக நீடித்தது. உலகின் முன்னணி ஆட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், பெயர் பெறாத ஒருவர் தம் உள்நாட்டு விதிகளை முன்கூட்டியே எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் ரயில்வே, காவல்துறை போன்றவற்றில் பணியாற்றிக்கொண்டே ஆடுபவர்கள், துறையின் தடையில்லாச் சான்றையும் எழுத்து வடிவில் பெற்றாக வேண்டும்.

நான் முதலில் தேடிப் படிப்பது மருத்துவம் பற்றிய பிரிவை. ‘கிளப்பின் மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே இவ்வொப்பந்தம் செல்லும்’ என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தப் பரிசோதனை ஊர் போய்ச் சேர்ந்த எத்தனை நாள்களுக்குள் முடிய வேண்டும், முடிவை ஏற்காவிட்டால் கிளப்பைச் சாராத வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாமா, திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்பவை எழுதப்படாவிட்டால், அந்த ஒரு வரியே ஆட்டக்காரரை எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றும் வழியாகிவிடும். இன்னொரு பிரிவு, காயத்தால் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் ஆட முடியாதவரை நீக்கும் உரிமையைக் கிளப்புக்குத் தருவது. தொடர்ந்து குதிப்பதால் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் பாதிக்கப்படுவது கைப்பந்தில் மிகச் சாதாரணம். அது குணமாகப் பல மாதங்கள் ஆகலாம். களத்தில் பட்ட காயத்துக்கு முழுச் சம்பளமும் சிகிச்சைச் செலவும் சீசன் முடியும்வரை உண்டு என்று எழுதி வாங்காமல் கையெழுத்திடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

சம்பளம் வரி போக எவ்வளவு, எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் என்பன தெளிவாக இருக்க வேண்டும். சம்பளம் நின்றுபோனால் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று கிளப் வாதிடும். முதலில் கெடு விதித்து எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பின் தகராறுத் தீர்வு முறையை நாடும்போது இவையே சான்றுகள்.

காப்பீட்டைப் பலர் கேட்பதே இல்லை. கேரளக் காவல்துறையில் இருந்தபடி அபுதாபியிலும் பின்னர் இத்தாலியிலும் ஆடிய ஜிம்மி ஜார்ஜ், 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32. போட்டியின்போதும் பயிற்சியின்போதும் நேரும் காயங்களை மட்டுமே சில பாலிசிகள் ஏற்கின்றன. கிளப் தரும் காரை ஓட்டிக்கொண்டு வீட்டிலிருந்து பயிற்சிக்கூடத்துக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும், ஓய்வுநாள் பயணத்துக்கும் காப்பு உண்டா என்பதை, பாலிசியின் நகலையும் அதன் மொழிபெயர்ப்பையும் கேட்டு வாங்கி, விமானச் சீட்டு பதிவாவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.