முதலில் ஓட்டை, அப்புறம்தான் இன்சுலேஷன்

வீடுகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று ஆய்வு செய்து சொல்வது என் வேலை. என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் எடுத்ததுமே கேட்பது, "எத்தனை இன்ச் இன்சுலேஷன் போடணும்?" என்றுதான். சீலிங்குக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கும் இடத்தைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

அங்கே இன்சுலேஷனாக, அதாவது வெப்பத்தைத் தடுக்க, விரித்திருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சில் சில இடங்கள் கருத்துப் போயிருக்கும். பூஞ்சை என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது தூசிதான். வீட்டுக் காற்று கீழேயிருந்து பஞ்சுக்குள் புகுந்து போகும்போது வடிகட்டப்பட்ட அழுக்கு. பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு குழாய் துவாரமோ ஒயர் துவாரமோ இருக்கும்.

பஞ்சு வெப்பத்தைத் தடுப்பது, இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றினால். அந்தக் காற்று நகர ஆரம்பித்துவிட்டால் பஞ்சு இருந்தும் பிரயோஜனமில்லை. பஞ்சை அமுக்கித் திணிப்பதும் தவறு, சிக்கியிருக்கும் காற்றின் இடம் குறைந்துவிடும். ஓட்டைகளை விட்டுவிட்டுக் கனமாகப் பஞ்சு போட்ட வீடு, மூடி இல்லாத ஃபிளாஸ்க் மாதிரி.

ஹீட்டர் ஓடும் வீட்டில் சூடான காற்று மேலே ஏறி சீலிங் இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று தரையோரமாக உள்ளே நுழையும். ஏசி ஓடும் வீட்டில் இது தலைகீழ். ஆக, உச்சியிலும் அடியிலும் இருக்கும் ஓட்டைகள்தான் அதிகம் படுத்தும். எல்லோரும் சந்தேகப்படும் ஜன்னலோ நடுவில் இருக்கிறது! ஜன்னலை மாற்றப் பணம் எடுத்து வைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இடுக்கை அடைக்கும் சீலன்ட், ஃபோம், கதவுக்கு ரப்பர் பட்டை, இவற்றை முதலில் முடியுங்கள். சிம்னியைச் சுற்றி மட்டும் சாதாரண ஃபோம் அடிக்கக்கூடாது. அங்கே உலோகத் தகடும் சூடு தாங்கும் சீலன்ட்டும்தான்.

கசிவை அளக்க, வாசல் கதவில் பெரிய ஃபேனைப் பொருத்தி வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குவோம். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று பார்ப்போம். மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரத்தில் அது 0.6-ஐத் தாண்டக்கூடாது. பழைய வீடுகளில் 10-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். நீங்களே பார்ப்பதென்றால், காற்றடிக்கும் நாளில் எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டுவிட்டு, ஊதுபத்திப் புகை எங்கே வளைகிறது என்று கவனியுங்கள்.

சரி, எத்தனை இன்ச்? அது ஊரின் தட்பவெப்பத்தையும் கூரையையும் பொறுத்தது. ஒன்று நிச்சயம்: வெறும் கூரையில் முதல் சில இன்ச் தரும் லாபத்தை, ஏற்கெனவே இருக்கும் பஞ்சின் மேல் போடும் அதே சில இன்ச் தராது.

பழைய வீட்டில் கை வைக்கும்முன் இரண்டு எச்சரிக்கைகள். கூழாங்கல் போல உதிரியான, பளபளக்கும் வெர்மிகுலைட் என்ற பழைய கனிம இன்சுலேஷன் கிடந்தால் தொடாதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பழைய ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பஞ்சால் மூடவும் வேண்டாம், சூடு வெளியேற வழியிருக்காது.

இதைவிட எனக்குக் கவலை தருவது கேஸ் அடுப்பும் கேஸ் வாட்டர் ஹீட்டரும். இறுக்கமாக்கிய வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், ஹீட்டரிலிருந்து வெளியே போக வேண்டிய புகை, புகைபோக்கிக் குழாய் வழியாகவே வீட்டுக்குள் திரும்பி வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருந்தால் மணமே தெரியாது. எனவே ஓட்டை அடைக்கும் வேலை முடிந்த அன்றே புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்ட வேண்டும். சமைப்பதும் குளிப்பதும் உண்டாக்கும் ஈரம் வெளியேறவும் வழி வேண்டும். இடுக்கு வழியாகத் தற்செயலாக வந்த காற்று நின்றுவிட்டால், ஃபேன் வைத்து நாமேதான் வரவழைக்க வேண்டும்.

புது வீடு என்றால் காரியம் சுலபம், நேரத்தில் செய்தால். சுவரின் உட்பலகையை அடிக்கும்முன் கசிவுச் சோதனையை வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்போது ஓட்டைகள் கைக்கு எட்டும்.