நெகட்டிவ் வந்த பிறகும் ஓயாத அச்சம்

பாலியல் நோய்த்தொற்று இல்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்த பிறகும், அந்தத் தாளை நம்ப மனம் வராமல் வேறொரு கிளினிக்கில் போய் மறுபடியும் விரலை நீட்டுகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வாழும் நம்மவர்களுக்கு இந்த அச்சம் ஏன் வருகிறது என்று கேட்கத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்கிறார்கள், மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாகாணங்களுள் நம்முடையதும் ஒன்று. ஆகவே அஞ்சுகிறவரைப் பார்த்து "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்பது கொடுமை. பரிசோதனை எதைப் பார்க்கிறது, எப்போது பார்க்க முடியாது, மனம் அதன் விடையை ஏன் ஏற்க மறுக்கிறது என்பவற்றை அவருக்குப் பொறுமையாக விளக்குவதே உதவி.

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்த உடனே ரத்தத்தில் தெரிவதில்லை. அதன் முதல் நாட்களைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றில் ஒரு முக்கியமான பகுதி, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தை அடுத்துள்ள உம்லாசியிலிருந்து கிடைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2012-இல் அங்கே தொடங்கிய 'ஃப்ரெஷ்' என்னும் ஆய்வில், தொற்று இல்லாத இளம்பெண்களின் ரத்தத்தை வாரத்துக்கு இருமுறை எடுத்து, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதனால் தொற்று ஏற்பட்டவர்களை மிகத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்து கொடுக்க முடிந்தது. இத்தகைய ஆய்வுகள் காட்டிய வரிசை இது: முதல் 10 நாட்கள் அளவுக்கு எந்தச் சோதனையிலும் எதுவும் தெரியாது, பின்பு ஆர்.என்.ஏ. தெரியும்; அதற்குச் சுமார் ஒரு வாரம் கழித்து வைரஸின் உட்கூட்டிலுள்ள பி24 என்னும் புரதம் தெரியும்; மேலும் சில நாட்களில் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி தெரியத் தொடங்கும். ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு முன்பின்னாக மாறுவதால்தான், பி24-ஐயும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் என்றும், விரல்நுனி ரத்தத்தில் ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 23 முதல் 90 நாட்கள் என்றும் எல்லை வகுத்திருக்கிறார்கள். 'விண்டோ பீரியட்' என்று கிளினிக்குகளில் சொல்வது இந்த இடைவெளியைத்தான். அது முடிவதற்குள் பத்து முறை சோதித்தாலும், அது முடிந்த பின் ஒரு முறை சோதிப்பதற்கு ஈடாகாது.

விரைவுச் சோதனைப் பட்டையை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் பல சந்தேகங்கள் தீரும். பட்டையின் கீழ்முனையில் ஒரு துளி ரத்தத்தையும் அதன்மேல் கரைசலையும் விட்டதும் ஈரம் மெல்ல மேலேறும். போகும் வழியில், நுண்ணிய தங்கத்துகள் ஒட்டிய புரதங்களையும் அது தன்னோடு இழுத்துச் செல்லும். 'டி' என்று குறித்த இடத்தில் வைரஸின் புரதத்தை முன்கூட்டியே பதித்து வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது அங்கே பிடிபட்டு நிற்கும், தங்கத்துகள்கள் குவிந்து சிவப்புக் கோடு தோன்றும். 'சி' என்ற இடத்தில் எப்போதும் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பட்டை செல்லாது. குறித்த நிமிடங்களுக்குள் படித்துவிட வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நேரம் கடந்து பட்டை காய்ந்தபின் 'டி' இடத்தில் ஒரு மங்கலான நிழல் தோன்றக்கூடும். வீட்டில் தாமாகச் சோதித்துக்கொண்டவர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, நள்ளிரவில் பெரிதாக்கிப் பார்த்துக் கலங்குவது இந்த நிழலைத்தான்.

"ஆறு மாதம் ஆனால்தான் நிச்சயம்" என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1985-இல் வந்த முதல் எச்.ஐ.வி. சோதனைகள் ஆன்டிபாடி நன்றாகப் பெருகிய பிறகே அதைக் கண்டன. அந்தக் காலத்து மருத்துவர்கள் நீண்ட காத்திருப்பைச் சொன்னது நியாயமே. சோதனைகள் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டன, அறிவுரை மட்டும் வாய்வழியாக அப்படியே இருக்கிறது.

இனி கணக்கைப் பார்க்கலாம். மருந்து எடுக்காத எச்.ஐ.வி. உள்ள ஒருவருடன் ஆணுறையின்றி நிகழும் ஒரு யோனிவழி உறவில், பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-இல் சுமார் 8 என்றும் ஆணுக்குச் சுமார் 4 என்றும் மதிப்பிடப்படுகிறது. புண் இருந்தாலோ, எதிராளிக்குத் தொற்று புதிதாக இருந்தாலோ, ஆசனவாய் வழி உறவாக இருந்தாலோ இது கூடும். தாராளமாகவே, ஒருவருடைய ஆபத்து 1,000-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். அவர் உரிய காலம் கழிந்தபின், தொற்றுள்ள 1,000 பேரில் 995 பேரைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையைச் செய்து நெகட்டிவ் பெறுகிறார். அவரைப் போன்ற 10 லட்சம் பேரில் 1,000 பேருக்குத் தொற்று இருக்கும்; சோதனை தவறவிடுவது அவர்களில் 5 பேரை. ஆக, 10 லட்சத்தில் 5 என்பதே மிச்சமுள்ள ஐயம். பூஜ்யம் என்று எந்த ஆய்வகமும் எழுதித் தர முடியாது. அஞ்சும் மனமோ அந்தப் பூஜ்யத்தைத்தான் கேட்கிறது.

எல்லாச் சந்தேகமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டை என்று நம் பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் சிறுநீரைச் சோதித்தால் தொண்டையில் இருக்கும் தொற்று தெரியாது. அங்கிருந்து தனியாக மாதிரி எடுக்க வேண்டும். சிபிலிஸின் முதல் புண் 9 முதல் 90 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம் என்பதால், அவசரமாகச் செய்த ரத்தச் சோதனை சிபிலிஸைத் தவறவிடக்கூடும். தொற்றைத் தடுக்கும் எச்.ஐ.வி. மருந்துகளை உட்கொண்டவர்களுக்குச் சோதனையில் தெரியும் காலம் தள்ளிப்போகலாம். இந்நாட்டு அரசுக் கிளினிக்குகளில் அறிகுறிகளைக் கொண்டே வெட்டைக்கும் கிளமிடியாவுக்கும் மருந்து கொடுக்கும் வழக்கம் இருப்பதால், "எல்லாம் சோதித்தாயிற்று" என்று நம்பியவருக்கு உண்மையில் எச்.ஐ.வி. மட்டும் சோதிக்கப்பட்டிருக்கலாம். எந்த நோய், எந்த மாதிரி, கடைசி உறவிலிருந்து எத்தனை நாள் என்று முடிவுத்தாளை வைத்துக்கொண்டு செவிலியரிடம் கேட்பது நல்ல கேள்வி. அதற்கு விடை கிடைத்து, விடுபட்டதையும் சோதித்த பிறகு எழும் கேள்விகள் வேறு வகையைச் சேர்ந்தவை.

சில சோதனைகள் தாமே கலக்கத்தை வளர்க்கும். சிபிலிஸ் முற்றிலும் குணமானவருக்கும் அந்தக் கிருமியைக் குறிவைக்கும் ஆன்டிபாடி சோதனை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர் அக்கிச் சோதனை என்று கேட்டு வாங்கும் ஹெர்பிஸ் ரத்தச் சோதனையில் பொய்யான பாசிட்டிவ் வருவது உண்டு. அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு அதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

மனம் செய்வது என்ன? நெகட்டிவ் என்று கேட்ட கணத்தில் பாரம் இறங்குகிறது, அந்த இதம் சில மணி நேரமோ சில நாட்களோ நிற்கிறது, பிறகு "ரத்தக் குப்பி மாறியிருந்தால்?" என்று ஒரு கேள்வி முளைக்கிறது. மறுபடியும் சோதித்தால் மறுபடியும் இதம். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போல, ஒவ்வொரு சோதனையும் அடுத்ததற்கான தவிப்பைக் கூட்டுகிறது. பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் ஆகிய இரு மனநல ஆய்வாளர்களும் 1986-இலேயே இதை எழுதினார்கள்: உடல்நலம் பற்றிய தீவிர அச்சம் உள்ளவருக்குத் திரும்பத் திரும்பத் தேறுதல் சொல்வதே அந்த அச்சத்தை நீடிக்கச் செய்கிறது. 2003-இல் நெதர்லாந்தின் உளவியலாளர்கள் வான் டென் ஹவுட்டும் கிண்ட்டும் நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. கணினித் திரையில் வரும் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பலமுறை சரிபார்க்கச் சொன்னபோது, பங்கேற்றவர்களின் நினைவு பிழையாகவில்லை. அந்த நினைவின் மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கைதான் குறைந்தது. முடிவுத்தாளை நாற்பதாவது முறை படிக்கிறவருக்கு அதிலுள்ள எழுத்துகள் அந்நியமாகத் தோன்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையே உடலும் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. கழுத்திலும் தொடையிடுக்கிலும் சிறு நெறிகள் பலருக்குக் கைக்குத் தட்டுப்படும். ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கவே செய்யும். "அக்கா, இங்கே நெறி கட்டியிருக்கிறதா, பாருங்கள்" என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். சீழ் வருகிறதா என்று ஆணுறுப்பை நசுக்கிப் பார்ப்பதாலேயே சிறுநீர்க் குழாயில் எரிச்சல் உண்டாகும். டெட்டால் கலந்த நீரால் கழுவிக் கழுவித் தோல் சிவக்கும். பதற்றம் தன்னளவில் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டும், வாயை உலர்த்தும், தூக்கத்தைக் கெடுக்கும். இவை எல்லாம் உண்மையான உணர்வுகள். அவற்றிலிருந்து வருவிக்கும் முடிவுதான் தவறு.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. திருமணம் நிச்சயமான பிள்ளை, அல்லது தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கியவர், எப்போதோ நடந்த ஓர் உறவை நினைத்து அஞ்சும்போது, அந்த அச்சத்தின் அடியில் பெரும்பாலும் குற்ற உணர்வு கிடக்கிறது. தண்டனை வந்தே தீரும் என்று நம்புகிறவரிடம் நெகட்டிவ் தாளைக் காட்டினால், தண்டனை தள்ளிப்போயிருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொள்வார். கிருமியைத் தேடும் சோதனை இதற்கு விடை தராது. அதைப் பற்றி வாய்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

வாரக்கணக்கில் வேலையும் உறக்கமும் கெடும்போது இது சிகிச்சை தேவைப்படும் நிலை, அதற்குச் சிகிச்சையும் உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், சோதிக்கவும் தடவிப் பார்க்கவும் எழும் உந்துதலை முதலில் அரை மணி நேரமும் பிறகு ஒரு நாளும் தள்ளிப்போடப் பழக்குவார்கள்; உந்துதலுக்கு இணங்காமலே பதற்றம் தானாகத் தணிவதை நோயாளி தன் அனுபவத்திலேயே காண்கிறார். தேவைப்பட்டால், பதற்றத்தைத் தணிக்கத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும் சேரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாகைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே போகலாம் என்று கேட்கலாம். வீட்டிலிருப்பவர்கள், "உனக்கு ஒன்றுமில்லை" என்று ஐம்பதாவது முறை சொல்வதற்குப் பதிலாக, "இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டேன், இப்போது உனக்குப் பயமாக இருக்கிறது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் சில நாட்கள் அவர் கோபிப்பார். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் புதிதாக ஓர் உறவு நிகழ்ந்திருந்தால் மட்டும் நாட்களை அங்கிருந்து மீண்டும் எண்ண வேண்டும், அது எச்.ஐ.வி. தொற்றக்கூடிய உறவாக இருந்து 72 மணி நேரம் ஆகாமலும் இருந்தால், சோதனைக்காகக் காத்திராமல், தொற்றைத் தடுக்கும் எச்.ஐ.வி. மருந்து கேட்டு அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.