நிலக்கரி நுட்பத்துக்கு '100 கோடி மானியம்': கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்

நிலக்கரியை அப்படியே எரிக்காமல் வாயுவாக்கிப் பயன்படுத்தும் ஆலைகளுக்காக 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது இலக்கு. பின்னணிக்கு இது போதும். மிச்சத்தை நிலக்கரி அமைச்சகத்தின் செய்திக்குறிப்பே பெருமையாகச் சொல்லும்.

திட்டத்தில் மூன்று பிரிவுகள். 4,050 கோடி பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும். 3,850 கோடி தனியாரும் பொதுத்துறையும் போட்டிபோட. இரண்டிலும் ஆயிரம் கோடிக் கணக்கில் முதலீடு செய்பவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், நமக்கு அங்கே வேலையில்லை. மூன்றாவது பிரிவுக்கு 600 கோடி. உள்நாட்டு நுட்பத்தில் அமைக்கும் செயல்விளக்க ஆலைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் என்று இதற்குப் பெயர். சிறு தொழில் செய்கிறவர்களிடம் ஏஜென்ட்டுகள் காட்டுவது இதைத்தான்.

காட்டும்போது "100 கோடி மானியம்" என்பார்கள். விதியில் இருப்பது: 100 கோடி, அல்லது மூலதனச் செலவில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது. அந்தக் கடைசி மூன்று வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 100 கோடி செலவில் ஆலை போட்டால் கிடைப்பது அதிகபட்சம் 15 கோடி. முழு 100 கோடி கைக்கு வர வேண்டுமென்றால் ஆலையின் செலவு ஏறக்குறைய 667 கோடி ஆக வேண்டும். மீதி 85 சதவீதம் உங்கள் பணம், அல்லது உங்கள் பெயரில் வங்கிக் கடன். மானியமும் ஒரே தடவையில் வராது, இரண்டு சம தவணைகளாக வரும். தவணை தள்ளிப்போனால் வட்டி கட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

'சிறு' என்ற சொல்லையும் நம்பாதீர்கள். குறைந்தபட்ச மூலதனச் செலவே 100 கோடி. நிலக்கரியை வாயுவாக்கும்போது கிடைக்கும் தொகுப்பு வாயு (சின்கேஸ்) மணிக்கு 1,500 இயல்நிலைக் கன மீட்டராவது உற்பத்தியாக வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 36,000. பட்டறை மூலையில் ஓடும் மாதிரி இயந்திரத்தை வைத்துக்கொண்டு இந்த வாசலில் நிற்க முடியாது. போதாததற்கு இது விண்ணப்பம் போட்டு வாங்கும் மானியமும் இல்லை, ஏலம். அமைச்சகம் ஏல ஆவணம் வெளியிடும் காலத்தில் மட்டுமே கதவு திறந்திருக்கும். "எப்போது வேண்டுமானாலும் போடலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஆவணத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

திருச்சிப் பக்கம் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் ஒருவர், நல்ல கைவேலைக்காரர், ஒரு ஆலோசகரிடம் பணம் கட்டித் திட்ட அறிக்கை வாங்கி வைத்திருந்தார். பளபள அட்டை, சுருள் பைண்டிங், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். நிதி வரும் இடம் என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது தேசியத் தூய எரிசக்தி நிதியம். 2010ல் டன்னுக்கு 50 ரூபாய் என்று நிலக்கரி மீது போட்ட வரியில் உருவான நிதியம் அது. வரி படிப்படியாக ஏறி 400 ஆனது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறிப்போனது, நிதியமும் மூடப்பட்டது. செத்த நிதியத்துக்கு அறிக்கை எழுதிக் கூலி வாங்கியிருக்கிறார்கள். இப்படிக் கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. உங்கள் அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று: வாயுவாக்கத் திட்டம் பெரிதும் மெத்தனால், அமோனியம் நைட்ரேட் போன்ற பொருள்களைக் குறிவைத்தது. கொதிகலன் திறனைக் கூட்டும் யோசனை உங்களிடம் இருந்தால் அது வேறு வாசல், அது வெளியாருக்குத் திறந்ததும் இல்லை. மிக உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீராவியை ஓட்டிக் குறைந்த நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் மேம்பட்ட அனல்மின் நுட்பத்தின் ஆராய்ச்சிக்கு 2016ல் ஒப்புக்கொண்ட 1,554 கோடி பெல், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், என்டிபிசி மூன்றும் சேர்ந்து செய்யும் திட்டத்துக்கானது. வெளியே இருந்து நிரப்பிக் கொடுக்க அதில் படிவமே கிடையாது. நிலக்கரி அமைச்சகத்தின் ஆராய்ச்சி நிதி ராஞ்சியில் உள்ள சிஎம்பிடிஐ என்ற பொதுத்துறைச் சுரங்கத் திட்டமிடல் நிறுவனம் வழியாக வருகிறது. தனியாளாகப் போவதைவிட ஒரு பொறியியல் கல்லூரியையோ ஆராய்ச்சி நிலையத்தையோ கூட்டாளியாக வைத்துக்கொண்டு போவதே நடக்கிற காரியம். கூட்டுச் சேரும்போது காப்புரிமை யாருக்கு என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். நிதி வந்தபின் கேட்டால் உறவுதான் கெடும்.

மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் தருவது கடன். திட்டச் செலவில் பாதி வரை, 5 சதவீதத் தனிவட்டியில். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மானியம் என்று நினைத்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். 2025 ஜூலையில் அறிவித்த 1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியும் கடனாகவும் பங்கு முதலீடாகவும் வருவதுதான்.

சரி, ஏதோ ஒரு மானியம் கிடைத்தே விட்டது என்று வையுங்கள். ஆலை நிறுவ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அங்கே "நிலக்கரி எங்கிருந்து வரும், கடிதம் எங்கே?" என்பார்கள். நிலக்கரி கேட்டுப் போனால் "இசைவாணை எங்கே?" என்பார்கள். இரண்டு மேசையும் ஒன்றையொன்று கைகாட்டும், நடுவில் தேய்வது உங்கள் செருப்பு. இரண்டுக்கும் ஒரே நாளில் மனுப் போட்டு, ஒன்றின் ஒப்புகைச் சீட்டை மற்றதோடு இணையுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பல கேள்விகள் காணாமல் போகும்.

ஆராய்ச்சி மானியமென்றால் செலவுச் சான்று, அதாவது மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவம், சரியாக இல்லாமல் அடுத்த தவணை நகராது. மானியத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருங்கள். அதில் சேரும் வட்டி உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். இது தெரியாமல் தணிக்கையில் மாட்டியவர்கள் உண்டு. பணம் மார்ச் கடைசியில் வந்து, மார்ச் 31க்குள் செலவுக் கணக்குக் கேட்பார்கள். அபத்தம்தான். கொள்முதல் விலைப்புள்ளிகளை ஜனவரியிலேயே வாங்கி வைத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஏலத்தில் தள்ளுபடி ஆனால் "தகுதியில்லை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் மனுவுக்குப் போட்ட மதிப்பெண் தாளையும் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு, அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.